'ஒப்புக்கொள்கிறேன்' - ஒரு டிக் அடிக்கிற கதை

புதுசா இணைய இணைப்பு வாங்கும்போது எல்லாரும் ஒரு காரியம் பண்றோம். விண்ணப்பத்தின் பின்பக்கத்தில் எறும்பு ஊர்ற மாதிரி பொடி எழுத்தில் இருக்கிற விதிகளுக்குக் கீழே கையெழுத்து போடுகிறோம். இல்லையென்றால் திரையில் ஒரு சின்னப் பெட்டியில் டிக் அடிக்கிறோம். 'ஏற்கத்தக்க பயன்பாட்டு விதிகளைப் படித்தேன், ஒப்புக்கொள்கிறேன்' என்று அதன் பக்கத்தில் எழுதியிருக்கும். இந்த உலகத்தில் தினமும் அதிகமாகச் சொல்லப்படும் பொய் அதுவாகத்தான் இருக்க வேண்டும் :-)

அந்த விதிகளை ஒரு நாள் உட்கார்ந்து நிதானமாகப் படித்துப் பாருங்கள். குப்பை மின்னஞ்சல் அனுப்பாதே, வீட்டில் சர்வர் வைக்காதே, பக்கத்து வீட்டுக்குப் பகிராதே, அளவுக்கு மேல் இறக்காதே, பிறர் மனம் புண்படும்படி எழுதாதே என்று பள்ளிக்கூட ஹெட்மாஸ்டர் நோட்டீஸ் போர்டு மாதிரி இருக்கும். ஏதோ ஒரு வக்கீல் ஏசி அறையில் உட்கார்ந்து ஒரே மூச்சில் எழுதினதுன்னு தோணும். அப்படி இல்லை. அதில் ஒவ்வொரு வரிக்கும் ஒரு சம்பவம் இருக்கு. யாரோ ஏதோ பண்ணினாங்க, யாரோ அடிபட்டாங்க, அதுக்கப்புறம் ஒரு வரி சேர்ந்தது. கீழடியில் மண்ணை அடுக்கடுக்காகத் தோண்டிப் பார்க்கிற மாதிரி இதையும் தோண்டலாம். இந்தப் பதிவில் அதைத்தான் செய்யப் போறோம்.

அடி மண்: அரசாங்கத்துச் சொத்து

இணையத்தின் பாட்டி ஆர்ப்பாநெட். 1969 அக்டோபர் 29 அன்று லாஸ் ஏஞ்சலஸ் பல்கலைக்கழகக் கணினியிலிருந்து ஸ்டான்ஃபோர்டு ஆய்வு நிறுவனத்துக்கு முதல் செய்தி போனது. செலவு முழுக்க அமெரிக்கப் பாதுகாப்புத் துறையுடையது. அதனால் விதி ரொம்ப எளிமை: அரசாங்க வேலைக்கு மட்டும். நம்ம ஊர்ல அரசு ஜீப்பை சொந்தக் கல்யாணத்துக்கு ஓட்டக்கூடாதுன்னு இருக்கிற மாதிரி.

ஜீப் விஷயத்தில் நடக்கிறதுதான் அங்கேயும் நடந்தது. ஆராய்ச்சியாளர்கள் அறிவியல் புனைகதைகளைப் பற்றி அஞ்சல் பட்டியல் வைத்து அரட்டை அடித்தார்கள். குசலம் விசாரித்தார்கள். மேலிடம் கண்டும் காணாமல் இருந்தது. 1982ல் எம்.ஐ.டி.யின் செயற்கை நுண்ணறிவுக் கூடம் புதிதாகச் சேர்கிறவர்களுக்கு ஒரு கையேடு தயாரித்தது. அதில் இந்த விஷயத்தை வெளிப்படையாகவே சொல்லியிருக்கிறார்கள். நண்பருக்கு 'சௌக்கியமா' என்று எழுதுவதை யாரும் பெரிசா எடுத்துக்க மாட்டாங்க, ஆனால் காசு சம்பாதிக்கவோ அரசியலுக்கோ கடிதம் அனுப்பினால் அது சட்ட விரோதம், சக மனிதர்களுக்கும் தொல்லை என்பது அதன் சாரம். எழுதின விதி ஒன்று, நடைமுறை விதி இன்னொன்று என்கிற வழக்கம் இணையத்தின் பிறப்பிலேயே இருக்கு என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

முதல் குப்பை

அந்தக் கோட்டை முதலில் தாண்டியவர் கேரி தூர்க். டிஜிட்டல் எக்விப்மென்ட் கார்ப்பரேஷன் என்ற கணினி நிறுவனத்தின் விற்பனைப் பிரிவுக்காரர். அமெரிக்காவின் மேற்குக் கரையில் புது மாடல் கணினிகளைச் செயல்படுத்திக் காட்ட லாஸ் ஏஞ்சலஸிலும் சான் மேட்டியோவிலும் கூட்டம் ஏற்பாடு பண்ணியிருந்தாங்க. ஒவ்வொருத்தருக்கும் போன் போட்டு அழைக்கணும். தூர்க் யோசித்தார். ஆர்ப்பாநெட் பயனர்களின் முகவரிகள்தான் அச்சடித்த புத்தகமாகவே இருக்கே!

1978 மே 3. சுமார் 400 பேருக்கு ஒரே கடிதம். அன்றைய மின்னஞ்சல் மென்பொருளில் பெறுநர் கட்டத்தில் அத்தனை முகவரி கொள்ளவில்லை. வழிந்து கடிதத்தின் உடம்புக்குள்ளேயே முகவரிகள் போய் உட்கார்ந்துவிட்டன. உலகத்தின் முதல் குப்பை மின்னஞ்சல், பார்க்கவும் குப்பையாகத்தான் இருந்தது.

வலையை நிர்வகித்த ராணுவத் தொடர்பு நிறுவனத்திலிருந்து ஒரு மேஜர் பதில் அனுப்பினார். இது அப்பட்டமான விதிமீறல், இந்த வலை அரசுப் பணிக்கு மட்டும், சம்பந்தப்பட்டவர்களோடு பேசி நடவடிக்கை எடுக்கிறோம் என்றார். மற்ற பயனர்களிடையே விவாதம் கிளம்பியது. பின்னாளில் கட்டற்ற மென்பொருள் இயக்கத்தைத் தொடங்கிய ரிச்சர்டு ஸ்டால்மனும் அந்த விவாதத்தில் இருந்தார். 'இதில் என்ன பெரிய தப்பு' என்கிற மாதிரிதான் அவர் முதலில் பேசினார், அந்தக் கடிதத்தைக் கண்ணால் பார்க்கிற வரைக்கும்! தூர்க்குக்குக் கிடைத்தது ஒரு கண்டிப்பு, அவ்வளவுதான். அந்தக் கடிதத்தால் கோடிக்கணக்கான டாலருக்கு வியாபாரம் நடந்தது என்று பல வருஷம் கழித்துப் பெருமையாகவே சொல்லிக்கொண்டார். தண்டனை சிறுசு, லாபம் பெருசு. இந்தக் கணக்குதான் பின்னால் வந்த எல்லாக் கூத்துக்கும் மூலம்.

'வியாபாரிகள் உள்ளே வரக்கூடாது'

இரண்டாவது அடுக்குதான் இன்றைய விதிகளுக்கு நேர் முன்னோர். பெயரே அங்கிருந்துதான் பரவியது.

1986ல் அமெரிக்காவின் தேசிய அறிவியல் அறக்கட்டளை, சூப்பர் கம்ப்யூட்டர் மையங்களை இணைக்க என்.எஸ்.எஃப்.நெட் என்ற வலையை ஆரம்பித்தது. தொடக்கத்தில் வேகம் விநாடிக்கு 56 கிலோபிட். (பழைய டயல்-அப் மோடத்தின் வேகம்! அதில்தான் ஒரு தேசத்தின் ஆராய்ச்சியே ஓடிக்கொண்டிருந்தது.) 1988ல் அதை 1.5 மெகாபிட்டாக உயர்த்தினார்கள். பல்கலைக்கழகங்கள் ஒவ்வொன்றாக வந்து ஒட்டிக்கொள்ள, இதுவே இணையத்தின் முதுகெலும்பு ஆகிப்போனது.

மக்கள் வரிப்பணம் ஆச்சே, எதற்குப் பயன்படலாம் என்று எழுதி வைக்கணுமே. அதுதான் 'ஏற்கத்தக்க பயன்பாட்டுக் கொள்கை', சுருக்கமாக ஏ.யூ.பி. 1992 ஜூனில் வந்த இறுதி வடிவம் ஒரு பக்கம்தான் இருக்கும். வெளிப்படையான ஆராய்ச்சிக்கும் கல்விக்கும் பயன்படுத்தலாம். கம்பெனிகளின் ஆராய்ச்சிப் பிரிவுகளும் அந்த எல்லைக்குள் வரலாம். ஆராய்ச்சிக்கு உதவுகிற புதுக் கருவிகளைப் பற்றி அறிவிக்கலாம், ஆனால் விளம்பரம் கூடாது. லாப நோக்கமுள்ள வேலைகளுக்குக் கூடாது. சொந்த வேலைக்கு அளவுக்கு மீறிப் பயன்படுத்தக் கூடாது.

இப்போ யோசிச்சுப் பாருங்க. இன்றைக்கு இணையத்தில் நடப்பதில் பெரும்பங்கு கடை, விளம்பரம், பணப் பரிமாற்றம். ஒரு காலத்தில் அது அத்தனையும் விதிமீறல்! அதே இணையம்தான், விதி மட்டும் தலைகீழாகிவிட்டது.

எப்படித் தலைகீழானது? எழுதின விதியில் ஒரு சந்து இருந்தது. அது என்.எஸ்.எஃப்.நெட் முதுகெலும்பு வழியாகப் போகிற போக்குவரத்தை மட்டும்தான் கட்டுப்படுத்தும். அந்தச் சாலையில் ஏறாமல் வேறு வழியாகப் போனால் கேட்பாரில்லை. 1987ல் யூ.யூ.நெட், 1989ல் பி.எஸ்.ஐ.நெட் என்று தனியார் நிறுவனங்கள் வந்தன. அதே 1989ல் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் புரூக்லைன் ஊரில் பேரி ஷைன் என்பவர் 'தி வேர்ல்டு' என்ற பெயரில் பொதுமக்களுக்கு டயல்-அப் இணைப்பு விற்க ஆரம்பித்தார். 1991ல் பி.எஸ்.ஐ.நெட், யூ.யூ.நெட், செர்ஃப்நெட் மூன்றும் சேர்ந்து சிக்ஸ் என்ற வணிக இணையச் சந்திப்பை அமைத்தன. அரசாங்க நெடுஞ்சாலையில் ஏறாமல் அவரவர் தெருக்களை ஒன்றோடொன்று இணைத்துக்கொண்டார்கள். சுங்கச்சாவடிக்குப் பயந்து ஊருக்குள்ள சுத்திப் போற லாரிக்காரங்க மாதிரி.

இன்னொரு பக்கம், அரசு முதுகெலும்பை நடத்திக்கொண்டிருந்த அமைப்பே லாபத்துக்கு ஒரு கிளை நிறுவனம் தொடங்கி வணிகப் போக்குவரத்தை ஏற்றப் பார்த்தது. மற்றவர்கள் 'அதெப்படி அவங்களுக்கு மட்டும்' என்று சண்டைக்கு வந்தார்கள். விஷயம் 1992ல் அமெரிக்க நாடாளுமன்ற விசாரணை வரை போனது. அதே வருஷம் சட்டத்தைத் திருத்தி, ஆராய்ச்சிக்கு ஒட்டுமொத்தமாக உதவும் என்றால் மற்றப் பயன்பாட்டையும் அனுமதிக்கலாம் என்று ஆக்கினார்கள். 1995 ஏப்ரல் 30ம் தேதி என்.எஸ்.எஃப்.நெட் முதுகெலும்புச் சேவை நிறுத்தப்பட்டது. அந்த ஒரு பக்க விதி அதோடு காலாவதி.

விதி போச்சு. ஆனா ஒரு கேள்வி நிற்கிறது. இதுவரைக்கும் விதி எழுதினது பணம் போட்ட அரசாங்கம். இனிமே யார்?

பச்சை அட்டை வக்கீல்கள்

பதில் ஏற்கெனவே ஒரு வருஷம் முன்னாடியே கிடைத்திருந்தது. 1994 ஏப்ரல் 12.

அரிசோனா மாநிலம் ஃபீனிக்ஸில் லாரன்ஸ் கேன்டர், மார்த்தா சீகல் என்று ஒரு வக்கீல் தம்பதி. அமெரிக்க நிரந்தரக் குடியுரிமைக்கான 'கிரீன் கார்டு' குலுக்கலில் கலந்துகொள்ள நாங்கள் உதவுகிறோம், கட்டணம் இவ்வளவு என்று ஒரு விளம்பரம் எழுதினார்கள். அதை யூஸ்நெட் என்ற அந்தக் கால விவாதக் குழுக்களில் போட்டார்கள். ஒன்றிரண்டு குழுவில் இல்லை சாமி, 5,500க்கும் மேற்பட்ட குழுக்களில். பூனை வளர்ப்பு, குவாண்டம் இயற்பியல், சமையல் என்று ஒன்று பாக்கியில்லை. (இந்தியாவில் பிறந்தவர்களுக்கு அந்தக் குலுக்கலில் இடமே கிடையாது என்பது தனிச் சோகம்.)

யூஸ்நெட்டில் எழுதப்பட்ட சட்டம் எதுவும் இல்லை. ஊர்க்கட்டுப்பாடு மட்டும்தான் இருந்தது. ஊர் கொதித்துப் போனது. ஆயிரக்கணக்கான வசவுக் கடிதங்கள் வந்து குவிந்ததில் அவர்களுக்கு இணைப்பு கொடுத்த இன்டர்நெட் டைரக்ட் என்ற சின்ன நிறுவனத்தின் சர்வர் திரும்பத் திரும்பப் படுத்துவிட்டது. அவர்கள் தம்பதியின் கணக்கை ரத்து செய்தார்கள். வக்கீல்கள் ஆச்சே, சும்மா இருப்பார்களா? இரண்டரை லட்சம் டாலர் கேட்டு வழக்கு போடுவோம் என்று மிரட்டினார்கள். மன்னிப்பும் கேட்கவில்லை. மாறாக, இணையத்தில் எப்படிப் பணம் பண்ணுவது என்று அதே வருஷம் புத்தகமே போட்டார்கள்! நார்வேயிலிருந்து ஒரு நிரலர், அவர்களுடைய இடுகைகளைத் தேடித் தேடி அழிக்கிற தானியங்கி நிரல் எழுதினார். கேன்டரின் வக்கீல் தொழில் உரிமத்தை 1997ல் டென்னசி மாநிலம் பறித்தது. இந்த விளம்பரமும் அதற்குச் சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று.

இந்தக் கதையில் நாம் கவனிக்க வேண்டியது வக்கீல்களை அல்ல, நடுவில் மாட்டிக்கொண்ட இணைப்பு நிறுவனத்தை. வாடிக்கையாளர் பண்ணின காரியத்துக்கு அடி வாங்கியது அவர்கள். கணக்கை வெட்டினால் வழக்கு மிரட்டல், வெட்டாவிட்டால் சர்வர் காலி. இணைப்பு விற்கிற ஒவ்வொருவருக்கும் அன்று ஒரு பாடம் கிடைத்தது: எந்தச் சூழ்நிலையில் வெட்டலாம் என்று முன்னாடியே எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொள். நம்ம கையெழுத்து போடுற காகிதத்தின் உண்மையான நோக்கம் இதுதான். நமக்கு நல்லது கெட்டது சொல்லித் தருவதற்கு அல்ல, வெட்டும் உரிமையை அவர்கள் கையில் வைத்துக்கொள்வதற்கு.

ஊர்விலக்கு

அப்ப கம்பெனிகள் எல்லாம் உடனே கண்டிப்பாக நடந்துகொண்டார்களா என்றால், இல்லை. காசு கொடுக்கிற வாடிக்கையாளரை வெட்ட யாருக்கு மனசு வரும்? அவர்களை வழிக்குக் கொண்டுவந்தது கிராமத்து வைத்தியம்: ஊர்விலக்கு.

1997 ஆகஸ்ட் 1 அன்று யூஸ்நெட் நிர்வாகிகள் சிலர், அன்றைய மிகப் பெரிய இணைப்பு நிறுவனங்களில் ஒன்றான யூ.யூ.நெட் மீது 'மரண தண்டனை' அறிவித்தார்கள். அங்கிருந்து வரும் இடுகை எதையும் நாங்கள் ஏற்க மாட்டோம், ரத்து செய்வோம் என்று அர்த்தம். நல்லவர், கெட்டவர் எல்லாருடைய இடுகையும் போகும். ஒரு வாரம்கூட ஆகவில்லை. யூ.யூ.நெட் விதிகளை இறுக்கி, குப்பைக்காரர்களை விரட்ட ஆரம்பித்தது. தண்டனை விலகியது. அதே 1997ல் பால் விக்ஸி என்பவர் குப்பை அனுப்பும் முகவரிகளின் கறுப்புப் பட்டியல் ஒன்றைத் தொடங்கினார். அதில் பெயர் வந்தால் உங்கள் கடிதத்தைப் பல ஊர்களில் வாங்க மாட்டார்கள்.

நீதிமன்றமும் ஒரு கை கொடுத்தது. சைபர் ப்ரமோஷன்ஸ் என்ற குப்பை மின்னஞ்சல் நிறுவனம் 'எங்களுக்குப் பேச்சுரிமை இருக்கு' என்று வாதாடியது. பேச்சுரிமை அரசாங்கத்துக்கு எதிராகத்தான், தனியார் கம்பெனியான ஏ.ஓ.எல்.லுக்கு எதிராக இல்லை என்று 1996ல் ஒரு நீதிமன்றம் சொன்னது. 1997ல் காம்ப்யூசர்வ் வழக்கில் ஒஹையோ நீதிமன்றம் இன்னும் ஒரு படி மேலே போய், அடுத்தவன் கணினியில் அவன் வேண்டாம் என்ற பிறகும் குப்பை கொட்டுவது சொத்தில் அத்துமீறல் என்றது.

குப்பை அஞ்சலை ஒழித்தது நல்லதுதானே என்று கேட்பீர்கள். நல்லதுதான். ஆனால் அந்தத் தீர்ப்புகளின் மறுபக்கத்தையும் பாருங்கள். கம்பி என்னுடையது, அதில் என்ன போகலாம் என்பது என் இஷ்டம் என்ற அதிகாரம் அன்று உறுதியானது. கத்தி நல்ல கத்திதான், யார் கையில் இருக்கிறது என்பதுதான் விஷயம்.

விதி வைத்தவனுக்கே தண்டனை

நடுவில் ஒரு விசித்திரமான வழக்கு. 1991ல் காம்ப்யூசர்வ் மீது போட்ட அவதூறு வழக்கில், நாங்கள் புத்தகக் கடை மாதிரி, உள்ளே என்ன இருக்கு என்று பார்ப்பதில்லை என்று சொல்லி அவர்கள் தப்பித்தார்கள். 1994ல் ப்ராடிஜி என்ற நிறுவனம் மீது ஸ்ட்ராட்டன் ஓக்மான்ட் என்ற பங்குத்தரகு நிறுவனம் வழக்கு போட்டது. (2013ல் வந்த 'வுல்ஃப் ஆஃப் வால் ஸ்ட்ரீட்' படம் இந்த ஸ்ட்ராட்டன் ஓக்மான்ட் கதைதான்.) ப்ராடிஜி கெட்ட வார்த்தைகளை நீக்கி, விதிமுறை வைத்து, குடும்பத்தோடு வரலாம் என்று நடத்திக்கொண்டிருந்தது. 'விதி வைத்து வெட்டுகிறாயே, அப்போ நீ பத்திரிகை ஆசிரியர் மாதிரி, வெட்டாமல் விட்டதற்கு எல்லாம் நீயே பொறுப்பு' என்று நியூயார்க் நீதிமன்றம் சொல்லிவிட்டது.

அதாவது வீட்டைப் பெருக்குகிறவனுக்கு அபராதம், பெருக்காதவனுக்கு விடுதலை! இதைச் சரி செய்யத்தான் 1996 பிப்ரவரி 8ல் கையெழுத்தான சட்டத்தில் புகழ்பெற்ற 230ம் பிரிவு சேர்ந்தது. நல்லெண்ணத்தோடு நீக்கினால் பொறுப்பு வராது, நீக்காவிட்டாலும் பயனர் எழுதியதற்கு நீ பொறுப்பில்லை என்றது. ஆனால் 1998ல் வந்த காப்புரிமைச் சட்டம் வேறு ரகம். திரும்பத் திரும்பக் காப்புரிமை மீறுகிறவர்களின் கணக்கை ரத்து செய்யும் கொள்கை உன்னிடம் இருந்து, அதை அமல்படுத்தியும் இருந்தால்தான் பாதுகாப்பு என்று நிபந்தனை போட்டது. 'புகார் தொடர்ந்து வந்தால் இணைப்பைத் துண்டிப்போம்' என்று நம் விதிகளில் இருக்கும் வரியின் பிறப்பு அங்கேதான். இது ஏட்டுச் சுரைக்காய் இல்லை. 2019ல் காக்ஸ் என்ற இணைப்பு நிறுவனம், மீறியவர்களைத் துண்டிக்காமல் விட்டதற்காக இசை நிறுவனங்களுக்கு ஒரு பில்லியன் டாலர் தரவேண்டும் என்று ஜூரிகள் தீர்ப்பளித்தார்கள். 2024ல் மேல்முறையீட்டில் அந்தத் தொகை ரத்தாகி, வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது.

நம்ம ஊர்: 'பேசக் கூடாது'

இந்தியாவுக்கு வருவோம். இங்கேயும் முதலில் வந்தது படிப்பாளிகளின் வலைதான். 1986ல் தொடங்கிய எர்நெட். அதன் முதல் உறுப்பினர்களில் நம்ம சென்னை ஐ.ஐ.டி.யும் ஒன்று. பொதுமக்களுக்கு இணையம் வந்தது 1995 ஆகஸ்ட் 15 அன்று, வி.எஸ்.என்.எல். மூலம். சென்னையும் முதல் நகரங்களில் ஒன்று. படத்தோடு பார்க்கும் கணக்குக்கு வருஷம் சுமார் 15,000 ரூபாய். மாணவர்களுக்கு மலிவான ஷெல் கணக்கு உண்டு, ஆனால் வெறும் எழுத்து மட்டும்தான் தெரியும். கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து. காசுக்கு ஏற்ற தோசை! அந்த எழுத்துக் கணக்கையே படக் கணக்காக மாற்றிவிடும் 'ஸ்லிர்ப்' என்ற மென்பொருள் உலகம் முழுக்கப் பிரபலம். அதைத் தடை செய்வதற்கென்றே பல நாட்டு நிறுவனங்கள் விதிகளில் ஒரு வரி சேர்த்தன.

நம் ஊர் விதிகளிலேயே சுவாரசியமானது இணையத் தொலைபேசித் தடை. இணையம் வழியாக வாயால் பேசக் கூடாது! காரணம் ரகசியம் ஒன்றும் இல்லை. 90களின் பிற்பகுதியில் அமெரிக்காவுக்கு ஐ.எஸ்.டி. போட்டால் நிமிடத்துக்குச் சுமார் 60 ரூபாய். எஸ்.டி.டி. பூத்தில் மீட்டர் ஓடுறதைப் பார்த்துக்கிட்டே, 'சரிப்பா வச்சிடறேன்' என்று பாதியில் வைத்த அம்மாக்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அந்த வருமானத்தின் ஏகபோக உரிமையாளர் யார்? அதே வி.எஸ்.என்.எல். இணையத்தில் சில்லறைக் காசுக்குப் பேச விட்டால் சொந்தக் கல்லாவில் சொந்தக் கையாலேயே ஓட்டை போட்ட கதையாகும்.

1998 நவம்பரில் தனியாருக்குக் கதவு திறந்தது. (முதலில் வந்த சத்யம் இன்ஃபோவே நம்ம சென்னைக் கம்பெனி.) அந்த உரிமங்களிலும் குரல் சேவைக்குத் தடை. 1999ல் வந்த புதிய தொலைத்தொடர்புக் கொள்கையும் இப்போதைக்கு அனுமதி இல்லை என்றே சொன்னது. கடைசியில் 2002 ஏப்ரல் 1 அன்று தடை நீங்கியது. அதே நாளில்தான் வி.எஸ்.என்.எல்.லின் வெளிநாட்டு அழைப்பு ஏகபோகமும் முடிந்தது. இரண்டும் ஒரே தேதி என்பதைக் கவனியுங்கள். 'ஏற்கத்தக்க பயன்பாடு' என்பதில் யாருக்கு ஏற்கத்தக்கது என்ற கேள்வி ஒளிந்திருக்கிறது. இங்கே அதற்கு விடை தேதியிலேயே இருக்கு.

இன்னொரு கூத்து. அந்தக் கால இணைய உரிமத்தில் 40 பிட்டுக்கு மேல் வலுவான மறையாக்கம் பயன்படுத்த வேண்டுமானால் அரசிடம் எழுத்துப்பூர்வ அனுமதி வாங்கி, திறப்புச் சாவியையும் ஒப்படைக்க வேண்டும் என்று இருந்தது. 2001ல் ரிசர்வ் வங்கி, இணைய வங்கிச் சேவைக்கு 128 பிட் மறையாக்கம் குறைந்தபட்சத் தேவை என்றது. அரசாங்கத்தின் ஒரு கை 40ஐத் தாண்டாதே என்கிறது, இன்னொரு கை 128க்குக் குறையாதே என்கிறது. நெட் பேங்கிங்கில் கரன்ட் பில் கட்டினவங்களையெல்லாம் பிடிச்சு உள்ள போட்டிருக்கணும் :-)

'வைஃபையைப் பாதுகாப்பாக வை, பிறருக்குத் திறந்து விடாதே' என்ற வரிக்குப் பின்னால் ரத்தம் இருக்கிறது. 2008 ஜூலை 26 அகமதாபாத் தொடர் குண்டுவெடிப்புக்குப் பொறுப்பேற்ற மின்னஞ்சல், நவி மும்பையில் கடவுச்சொல் இல்லாமல் திறந்து கிடந்த ஒருவருடைய வைஃபை வழியாகப் போயிருந்தது. சம்பந்தமில்லாத அவர் விசாரணையில் சிக்கி அலைந்தார். 2009ல் தொலைத்தொடர்புத் துறை, வைஃபை இணைப்புகளைப் பாதுகாப்பது பற்றி நிறுவனங்களுக்கு உத்தரவு அனுப்பியது. இந்த ஒரு வரியை மட்டும் யாரும் குறை சொல்ல முடியாது.

எவ்வளவு என்று சொல்ல மாட்டோம்

கடைசி அடுக்கு அளவு. பிராட்பேண்ட் வந்த பிறகு என்ன அனுப்புகிறாய் என்பதைவிட எவ்வளவு இறக்குகிறாய் என்பது பிரச்சினையாகிவிட்டது. அமெரிக்காவின் காம்காஸ்ட் நிறுவனம் ரொம்ப நாள் 'அளவுக்கு மீறி' பயன்படுத்தினவர்களை எச்சரித்து, துண்டித்தும் வந்தது. அந்த அளவு எவ்வளவு என்று மட்டும் சொல்லவில்லை. கடைசியில் 2008 அக்டோபர் 1 முதல் மாதம் 250 கிகாபைட் என்று அறிவித்தார்கள். அதற்கு முந்தின வருஷம்தான் அவர்கள் பிட்டோரன்ட் இணைப்புகளை ரகசியமாக முறித்தது அம்பலமானது. அப்படிச் செய்யக் கூடாது என்று அரசு ஆணையம் 2008ல் சொல்ல, ஆணையத்துக்கு அந்த அதிகாரம் இல்லை என்று 2010ல் நீதிமன்றம் சொன்னது.

'சர்வர் வைக்காதே' விதியும் இந்த வகைதான். இணைய சமத்துவம் பேசின கூகிள்கூடத் தன் ஃபைபர் இணைப்பு விதிகளில் வீட்டில் சர்வர் வைக்கத் தடை போட்டது. 2013ல் சண்டை பெரிதான பிறகுதான் சொந்த உபயோகத்துக்கு வைக்கலாம் என்று இறங்கி வந்தார்கள்.

நம் ஊரில் இதற்கு 'நியாயமான பயன்பாட்டுக் கொள்கை' என்று பெயர். 'அன்லிமிடெட்' என்று கொட்டை எழுத்தில் போட்டு, பக்கத்தில் ஒரு நட்சத்திரக் குறி. அந்தக் குறிக்குள் இருக்கும் லிமிட். ஆனாலும் ஒரு நல்ல செய்தி: எந்தத் தளம் என்பதைப் பொறுத்துக் கட்டணத்தை மாற்றக் கூடாது என்று 2016 பிப்ரவரி 8ல் டிராய் உத்தரவு போட்டது. லட்சக்கணக்கான சாதாரணப் பயனர்கள் கடிதம் எழுதிப் போராடி வாங்கின உத்தரவு அது. (மேலே சொன்ன 230ம் பிரிவு வந்து சரியாக 20 வருஷம். சும்மா ஒரு பொருத்தம்.)

சரி, இதனால் சொல்ல வருவது?

அடுக்குகளை மறுபடி எண்ணிப் பார்ப்போம். முதல் விதியை எழுதியது காசு போட்ட அரசாங்கம். அடுத்தது அடி வாங்கின கம்பெனி. பிறகு மிரட்டின அண்டை வலைகள், அப்புறம் இசைக் கம்பெனிகளுக்காக சட்டமன்றம், நம் ஊரில் கல்லாவைக் காப்பாற்ற நினைத்த ஏகபோகம். கையெழுத்து போடுகிற நாம் மட்டும் இந்தப் பட்டியலில் அபூர்வமாகத்தான் வருகிறோம். வந்த இடங்களில், 1997 யூஸ்நெட்டாகட்டும் 2016 டிராயாகட்டும், விதி மாறியிருக்கிறது.

இதில் ஆபத்தானது எது தெரியுமா? 2011ல் இந்திய அரசு கொண்டுவந்த இடைநிலை நிறுவனங்களுக்கான விதிகள். இணைப்பு நிறுவனம் முதல் இணையதளம் வரை எல்லாரும் தங்கள் பயன்பாட்டு விதிகளில் இன்னின்ன தடைகளைச் சேர்க்க வேண்டும் என்று ஒரு பட்டியலே கொடுத்தது. தெளிவில்லாத வார்த்தைகள் நிறைய. தொந்தரவு தருவது, இழிவுபடுத்துவது என்கிற ரகம். அந்தப் பட்டியலில் இருந்த சிலவற்றைச் சட்டமாகப் போட்டால் அரசியலமைப்பு குறுக்கே நிற்கும். அதையே கம்பெனிக்கும் உங்களுக்கும் இடையிலான தனிப்பட்ட ஒப்பந்தமாக மாற்றிவிட்டால் நீங்களே ஒப்புக்கொண்டதாகிவிடுகிறது! 2015 மார்ச் 24ல் உச்ச நீதிமன்றம் 66ஏ பிரிவை ரத்து செய்த அதே ஸ்ரேயா சிங்கால் தீர்ப்பில், நீக்கச் சொல்லி நீதிமன்றமோ அரசோ உத்தரவிட்டால்தான் நீக்கவேண்டிய கடமை வரும் என்று இந்த விதிகளுக்கும் ஒரு கடிவாளம் போட்டது. பட்டியலை ரத்து செய்யவில்லை. 2021ல் வந்த புது விதிகளிலும் பட்டியல் உண்டு.

இணைப்பு என்பது இன்று பொழுதுபோக்கு இல்லை. பிள்ளைகளின் படிப்பு, ரேஷன், வங்கி, வேலை எல்லாம் அதன் வழியாகத்தான். அதைத் துண்டிக்கும் அதிகாரம் மின்சாரத்தைத் துண்டிக்கும் அதிகாரத்துக்குச் சமம். மின்சாரத்தை வெட்டுவதற்கு முன் நோட்டீஸ் கொடுக்கணும், முறையிட ஒரு இடம் இருக்கணும் என்று சட்டம் சொல்லுது. உங்கள் இணைப்பின் விதிகளில் அப்படி ஒரு வரி இருக்கிறதா? மொத்தத்தையும் படிக்க நேரமில்லை என்றால் மூன்றே மூன்று விஷயம் மட்டும் தேடிப் பாருங்கள்: எந்தக் காரணத்துக்குத் துண்டிப்பார்கள், துண்டிக்கும் முன் சொல்வார்களா, யாரிடம் முறையிடலாம். விதிகளை நமக்குச் சொல்லாமலே மாற்றலாம் என்ற வரியும் அநேகமாகப் பக்கத்திலேயே இருக்கும். அதையும் ஒரு பார்வை பார்த்து வையுங்கள்.